சுவரில் தொங்கும் காலண்டர் சொல்லும் கதை



இன்று காலை உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தது யார்? நீங்களா, தங்கையா? சில வீடுகளில் அதற்கே பெரிய சண்டை நடக்கும்! தேதி, கிழமை, நல்ல நேரம், விடுமுறை எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஆனால், காலண்டர் அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருக்கிறதே, அதை என்றாவது படித்ததுண்டா? பல காலண்டர்களில் அங்கே ஓர் ஊரின் பெயர் இருக்கும். அது சிவகாசி!

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரைப் பட்டாசு ஊர் என்றுதான் உங்களுக்குத் தெரியும். ஆனால் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சிவகாசி. அதில் அச்சுத் தொழிலுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அந்தக் கதையில் யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்கு வேலை போனது, ஏன் போனது என்று பார்ப்போமா?

வானம் பார்த்த பூமி

சிவகாசிப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. மழை குறைவு. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத பூமி. 1922-ஆம் ஆண்டு இந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்பதற்காகக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். சில மாதங்கள் தங்கித் தொழிலைக் கற்றுத் திரும்பி வந்து, சொந்த ஊரிலேயே தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள்.

தீப்பெட்டி என்றால் மேலே படம் போட்ட லேபிள் ஒட்ட வேண்டும் அல்லவா? பட்டாசுக்கும் வண்ண வண்ணமாக உறை வேண்டும். அதற்கு அச்சகங்கள் வந்தன. லேபிள் அடித்த அச்சகங்கள் பிறகு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை, சினிமா சுவரொட்டி என்று எல்லாவற்றையும் அடித்தன. ஒரு தொழில் இன்னொரு தொழிலைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது.

தலைகீழாகப் படித்தவர்கள்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒரு பக்கத்தை எப்படி அச்சடித்தார்கள் தெரியுமா?

ஈயத்தால் செய்த சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும். 'அ'வுக்கு ஓர் அறை, 'க'வுக்கு ஓர் அறை என்று மரப்பெட்டியில் நிறைய அறைகள் இருக்கும். நம் தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே! 'கா' என்றால் 'க' பக்கத்தில் கால் போட்டுவிடலாம். ஆனால் கி, கீ, கு, கூ ஆகியவற்றுக்குத் தனித்தனி அச்சு வேண்டும். 1978-ஆம் ஆண்டு தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய், அச்சு எழுத்துகள் கொஞ்சம் குறைந்தன.

இந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வரி வரியாக அடுக்குபவருக்குக் கம்பாசிட்டர், அதாவது அச்சுக்கோப்பவர் என்று பெயர். ஈய எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும். அப்படி இருந்தால்தான் தாளில் பதியும்போது நேராக விழும். அதனால் கம்பாசிட்டர்கள் திரும்பிய எழுத்தைத் தலைகீழாகவே வேகமாகப் படிப்பார்கள். பெட்டியைப் பார்க்காமலே விரல் சரியான அறைக்குப் போகும். அச்சடித்து முடிந்ததும் அத்தனை எழுத்துகளையும் பிரித்து, மறுபடியும் அந்தந்த அறையில் போட வேண்டும். நாளை வேறு பக்கம் கோப்பதற்கு அதே எழுத்துகள் வேண்டுமே!

படம் அச்சிடுவது இன்னொரு பெரிய வேலை. 1790-களில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கல்லில் எண்ணெய் மையால் வரைந்து அச்சிடும் முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் ரகசியம். கல்லை நனைத்துவிட்டு மையைத் தடவினால், எண்ணெய் மையால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். இதற்கு லித்தோ என்று பெயர். ஒரு படத்தில் எத்தனை வண்ணம் உண்டோ, அத்தனை முறை தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். ஒரு நூல் விலகினாலும் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்!

அந்தக் காலத்தில் காலண்டர்களில் வந்த சாமி படங்களை ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) என்ற ஓவியரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, ஊர் ஊராகப் போய்ப் பூஜை அறைகளில் அமர்ந்தார்கள்.

மனிதர்தான் கம்ப்யூட்டர்!

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் முதலில் எந்த இயந்திரத்துக்கும் பெயர் அல்ல. அது ஒரு வேலையின் பெயர்! மேலை நாடுகளில் வானியல் கூடங்களிலும் அலுவலகங்களிலும் நாள் முழுவதும் உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதர்களைத்தான் கம்ப்யூட்டர் என்று அழைத்தார்கள். இயந்திரம் அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதும், பெயரும் இயந்திரத்துக்குப் போய்விட்டது.

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'பேஜ்மேக்கர்' என்ற மென்பொருள் வந்தது. மேஜைமேல் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிலேயே எழுத்தையும் படத்தையும் சேர்த்துப் பக்கம் அமைத்துவிடலாம். அடுத்து வந்த ஆண்டுகளில் இந்த முறை நம் ஊர்களுக்கும் வந்தது. 'டி.டி.பி. சென்டர்' என்று தெருவுக்கு ஒரு பலகை தொங்கியது. ஈய எழுத்துப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போனது.

முதலில் தமிழுக்குப் பெரிய தொல்லை இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்துரு செய்தது. ஒரு கம்ப்யூட்டரில் 'அம்மா' என்று அடித்ததை வேறொன்றில் திறந்தால் புரியாத கிறுக்கல்தான் வரும். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டே தமிழ் இடம்பெற்றது. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் அப்பா செல்போனில் தமிழில் செய்தி அனுப்புகிறார் என்றால், அது இந்த முறையால்தான்.

ஒரு முறை கற்றால் போதுமா?

எனக்குத் தெரிந்த ஓர் அச்சுக்கோப்பவர் இருந்தார். இருபத்தைந்து ஆண்டு அனுபவம். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. "இந்தப் பெட்டி என் சோத்துல மண்ணைப் போட்டுருச்சு சார்" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவருடைய விரல்கள் கற்ற வித்தை ஒரே வருடத்தில் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

ஆனால் அவரிடம் இன்னொரு வித்தை இருந்தது. லட்சக்கணக்கான வரிகளைக் கோத்தவர் ஆயிற்றே! எந்த இடத்தில் வல்லினம் மிகும், எது சின்ன 'ர', எது பெரிய 'ற' என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கம்ப்யூட்டரில் வேகமாக அடித்த பையன்களுக்கு அது தெரியவில்லை. "நீங்க பிழை பாருங்கண்ணே" என்று அவரை உட்கார வைத்தார்கள். கையில் சிவப்புப் பேனாவுடன் அவர் மேலும் பத்து வருடம் வேலை பார்த்தார்.

எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடவில்லை. கம்ப்யூட்டரைக் கற்றவர்களையும் அது நிம்மதியாக விடவில்லை. ஆரம்பத்தில் கம்ப்யூட்டரில் தயாரித்த பக்கத்தை ஃபிலிமாக எடுப்பார்கள். அந்த ஃபிலிம்களை வெட்டி, அளந்து, வரிசையாக ஒட்டுவதற்கு என்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நல்ல சம்பளம். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து நேராக அலுமினியத் தகட்டின் மேல் லேசர் ஒளியால் எழுதும் இயந்திரம் வந்தது. ஃபிலிமும் போயிற்று, அதை ஒட்டும் வேலையும் போயிற்று.

தந்தி முதல் வாட்ஸ்அப் வரை

அச்சகத்துக்கு ஆர்டர் வருகிற வழியும் மாறியது. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் தந்தி. மாதிரித் தாள் தபாலில் போய், திருத்தம் தபாலில் வர ஒரு வாரம் ஆகிவிடும். பிறகு மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. மஞ்சள் பலகை வைத்த அந்தச் சிறிய கூண்டை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு செல்போன் சேவை தொடங்கியது. எல்லோர் பையிலும் போன் வந்ததும் பூத்துகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தந்தி சேவையும் நிறுத்தப்பட்டது.

இப்போது டில்லியில் இருக்கும் வியாபாரி, காலண்டர் மாதிரியை வாட்ஸ்அப்பில் பார்த்து, "சிவப்பைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று அடுத்த நிமிடமே பதில் போடுகிறார். ஆனாலும் ஒரு பழக்கம் மாறவில்லை. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுகிறார்கள். தொட்டுப் பார்த்து, புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே போன் ஒரு வேலையை விழுங்கியும் விட்டது. உங்கள் அம்மா அப்பாவிடம் பொங்கல் வாழ்த்து அட்டை பற்றிக் கேட்டுப் பாருங்கள். கரும்பு, பானை, மாடு, சினிமா நடிகர் என்று விதவிதமான அட்டைகள் கடைகளில் தோரணமாகத் தொங்கும். காசு சேர்த்து வைத்து வாங்கி, நண்பனுக்குத் தபாலில் அனுப்புவோம். பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கும் தபாலில்தான்! சிவகாசி அச்சகங்களில் மாதக்கணக்கில் இந்த அட்டைகள் ஓடும். 1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, இங்கிலாந்தில் உலகின் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? கிறிஸ்துமஸ் வாழ்த்து! குறுஞ்செய்தி பிறந்ததே வாழ்த்துச் சொல்லித்தான். வாழ்த்து போனுக்குள் குடியேறியதும், வாழ்த்து அட்டையை வெட்டியவர், மடித்தவர், உறை ஒட்டியவர், கடை போட்டவர் எல்லோரும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

காலியாக இருந்த பெஞ்சு

இப்போது என் மனதில் வெகுநாளாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியராகச் சேர்ந்தது 1980-களில், சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில். விடியற்காலை நான்கு மணிக்கு ஊருக்குள் வண்டியின் ஹார்ன் சத்தம் கேட்கும். தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், லேபிள் ஒட்டவும். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். வகுப்பில் பெயர் இருக்கும், பெஞ்சு காலியாக இருக்கும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய்க்கணக்கில் புலி. ஒரு நாள் அவனும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "மழையில்லை சார், கடன் இருக்கு" என்றார் அவன் அப்பா. நான் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் முறை போய்ப் பேசியிருக்க வேண்டும். நான் போகவில்லை.

முப்பது வருடம் கழித்து வங்கியில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "சார், என்னைத் தெரியுதா?" அவன்தான்! தீப்பெட்டி ஆபீஸ், பிறகு அச்சகத்தில் எடுபிடி, பிறகு ஃபிலிம் ஒட்டுபவருக்கு உதவியாள். எல்லாம் போய், அப்போது ஒரு கிட்டங்கியில் காவல் வேலை. கையில் வைத்திருந்த படிவத்தை நீட்டி, "இதை நிரப்பிக் குடுங்க சார்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிழை பார்க்க உட்கார்ந்த கம்பாசிட்டரையும் இவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கும் இயந்திரத்தால் வேலை போனது. ஒருவருக்கு எழுத்தும் படிப்பும் துணை இருந்தன, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார். இன்னொருவருக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை! எட்டு வயதில் அவர் கையிலிருந்து சிலேட்டைப் பிடுங்கிவிட்டோம். அதுதான் வித்தியாசம். அந்தத் தப்பில் வறுமைக்கும், ஆலைக்கும், எனக்கும் பங்கு உண்டு.

இதே விருதுநகரில் 1903-இல் பிறந்து, தன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் காமராஜர். முதலமைச்சரான பின், பசியால் எந்தக் குழந்தையும் பள்ளிக்கு வராமல் இருக்கக் கூடாது என்று 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசி ஆலைகளில் வேலை செய்த பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில், 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தவர், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் அதன் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்றது. 2010 முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை படிப்பு உங்கள் உரிமை என்று சட்டமே சொல்கிறது. 2016-இல் செய்த திருத்தத்தின்படி, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது.

பட்டாசில் மட்டும் ஏன் கை?

"அச்சில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பட்டாசில் வரவில்லையா சார்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! வெடிமருந்து உரசலுக்கும் சூட்டுக்கும் பயப்படும் பொருள். ஒரு சின்னப் பொறி போதும். அதனால் மருந்தைக் கையாளும் பல வேலைகள் இன்னும் மனிதக் கைகளாலேயே நடக்கின்றன. அந்தக் கைகள் தினமும் ஆபத்தைத் தொட்டுத்தான் நமக்கு மத்தாப்பு தருகின்றன.

ஆனாலும் தொழில்நுட்பம் பட்டாசுப் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். போனில் காட்டினால், அது உண்மையான பசுமைப் பட்டாசா என்று தெரிந்துகொள்ளலாம். இன்டர்நெட்டில் பட்டாசு விற்பதற்கோ, 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆக, எல்லா வேலையையும் தொழில்நுட்பம் ஒரே மாதிரி மாற்றுவதில்லை.

ஒரு சின்னச் சோதனை

இனி உங்களுக்கு ஒரு வேலை. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் உள்ள வண்ணப் படத்தை அதன் வழியாகப் பாருங்கள். படம் மறைந்து வெறும் புள்ளிகள் தெரியும்! வெளிர்நீலம், ரோஜா நிறம், மஞ்சள், கறுப்பு என்று நான்கே நிறப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பிரிக்க ஒரு காலத்தில் ஓர் ஓவியர் நாள் கணக்கில் உட்கார்ந்தார். இன்று கம்ப்யூட்டர் ஒரு நொடியில் பிரித்துவிடுகிறது.

வங்கியில் பார்த்தேனே, அந்த மாணவரின் மகள் இப்போது ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டர் வடிவமைக்கிறாள். அப்பா எட்டு வயதில் விட்ட படிப்பை மகள் கல்லூரி வரை கொண்டுபோய்விட்டாள். போன மாதம் அவளைப் பார்த்தபோது, "இப்போ செயற்கை நுண்ணறிவே படம் வரையுதாமே, உனக்குப் பயமாக இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பயம்தான் சார். அதான் அதையும் கத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் பெரியவர்களாகும்போது இன்றைய வேலைகளில் பல இருக்காது. இன்று பெயரே இல்லாத வேலைகள் வந்திருக்கும். எந்த வேலை நிலைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் தெரிந்து, புதிதாக ஒன்றைக் கற்கக் கூச்சப்படாதவர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துகொள்வார். அதற்குத்தான் பள்ளிக்கூடம்.

நாளை உங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சு தொடர்ந்து நாலு நாள் காலியாக இருந்தால், உங்கள் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் ஒரு முறை போய்விட்டுத் திரும்பினாலும், "இன்னொரு முறை போவோம் சார்" என்று கூடவே செல்லுங்கள்.

செய்வீர்கள்தானே?